இங்கிலீஷ் ரிப்போர்ட்டா, தமிழ் பேப்பர் விளம்பரமா? எங்க நைனாவுக்கு எது புரிஞ்சுது

எங்க நைனா ராணிப்பேட்டைல தோல் பதனிடற ஷாப்புல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவரு, கையில கொஞ்சம் ஷேர் வச்சிருக்காரு. போன வாரம் காட்பாடி வீட்டுக்கு போனப்ப ஒரு கம்பெனியோட இங்கிலீஷ் ஆண்டறிக்கையயும் தமிழ் பேப்பர்ல வந்த ரிசல்ட் விளம்பரத்தயும் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கினு திண்ணைல குந்திட்டோம்.

தமிழ்தானே, ஈசியா இருக்கும்னு நெனச்சேன். லிஸ்ட் ஆன கம்பெனி இங்கிலீஷ் பேப்பரோட, ரிஜிஸ்டர்டு ஆபீஸ் இருக்கற ஊரு பாஷை பேப்பர்லயும் ரிசல்ட் விளம்பரம் போடணும்னு ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்கற செபியோட 2015 ரூல் இருக்குது, அதுக்காக போடறாங்க, ஆளு படிக்கணும்னு போட்ட மாதிரி தெரில. "காலத்திற்கான நிகர லாபம்/(நட்டம்) (வரி, விதிவிலக்கான மற்றும்/அல்லது அசாதாரண இனங்களுக்கு முன்)", இது மொத்தமும் ஒரே வரி! நைனா ரெண்டு வாட்டி படிச்சுட்டு "இன்னாடா இது, யாரு விதிய விலக்கறாங்க"ன்னாரு. பிராக்கெட்ல இருந்த நம்பர சும்மா குறிப்புனு தாண்டிட்டாரு, அதுதான் நட்டம். இத்தனைக்கும் வாராக்கடன்னு ஒரு சொல்லு இருக்குது பாருங்க, பேங்க் பக்கமே போவாதவங்களுக்கும் புரியும், தமிழால முடியாதுன்னு இல்ல.

இங்கிலீஷ்ல சேர்மன் லெட்டர் வழவழனு போவுது. 'ஹெட்விண்ட்ஸ்'னு எழுதறாங்க, அதாவது எதிர்காத்தாம், வியாபாரம் படுத்துச்சுனு ஒரு எடத்துலயும் இல்ல. லாபம் கம்மியான கம்பெனியோட ரிப்போர்ட்தான் படிக்க கஷ்டமா இருக்குதுனு 2008ல ஃபெங் லீங்கறவரு அமெரிக்க ரிப்போர்ட்டுங்கள அளந்து காட்டினாரு. அளந்தது ஃபாக் இண்டெக்ஸ்ல, வாக்கியம் எவ்ளோ நீளம், மூணு அசையும் அதுக்கு மேலயும் உள்ள வார்த்தை எத்தினினு பாக்கற கணக்கு. அத தமிழுக்கு போட்டா எங்க ஆயா சொல்ற கதையே ஃபெயில், "வந்துட்டிருந்தாங்க" ஒண்ணே ஆறு அசை.

ஆனா அதே ரிப்போர்ட்டுல கணக்குக்கு பின்னாடி வர்ற நோட்ஸ்ல 'க்ளெய்ம்ஸ் நாட் அக்னாலட்ஜ்டு அஸ் டெட்'னு ஒரு வரி. கேஸ் போட்டவங்க பணம் கேக்கறாங்க, கம்பெனி கடன்னு ஒத்துக்கல, தோத்தா கட்டணும்னு நான் சொன்னதும் நைனா நிமுந்து குந்தினாரு. "அட, நம்ம ஷாப்புல லோட திருப்பி அனுப்பிட்டு கேஸ் போட்டாங்களே, அதானே? எவ்ளோ போட்டிருக்கான்?" வெரலு நேரா நம்பருக்கு போச்சு. அந்த விவரம் தமிழ் விளம்பரத்துல கெடையவே கெடையாது.

என்ன கேட்டா இங்கிலீஷ் நோட்ஸுதான், கூட யாராச்சும் வாயால தமிழ்ல சொல்ல இருந்தா. நைனா இப்ப பேப்பர்ல பிராக்கெட் இருக்குதானு மட்டும் பாக்கறாரு, இருந்தா எனக்கு போன் வரும், "சனிக்கெழம வந்து அந்த நோட்ஸ எடுடா"னு.