ஸ்க்ரேப் செய்த உரையைச் சலிக்க: ரீஜெக்ஸா, ஸ்ட்ரிங் மெத்தடா, செலக்டரா?

இணையப் பக்கத்திலிருந்து உரையை எடுப்பது பாதி வேலைதான். அதோடு ஒட்டிக்கொண்டு வரும் தேவையற்ற இடைவெளிகள், மெனு வரிகள், 'மேலும் படிக்க' எல்லாவற்றையும் கழிக்க நாமே ஒரு ஃபில்டர் எழுத வேண்டும்.

பைத்தானில் பலரும் முதலில் கை வைப்பது ரீஜெக்ஸில், அதாவது எழுத்துகளின் வடிவத்தைச் சொல்லித் தேடும் முறையில். தேதி, விலை மாதிரி வடிவம் மாறாதவற்றைப் பிடிக்க அதற்கு நிகர் இல்லை. ஆனால் ஹெச்டிஎம்எல்லைக் கழிக்க அதைப் பயன்படுத்தினால் டேக் மட்டும்தான் போகும். ஸ்கிரிப்ட் டேக்குக்குள் இருந்த ஜாவாஸ்கிரிப்ட் கட்டுரையோடு கட்டுரையாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தமிழ் உரை என்றால் இன்னொரு வம்பு. பைத்தானோடு வரும் 'ரீ' மாட்யூலில், சொல்லைப் பிடிக்கும் 'பேக்ஸ்லாஷ் டபிள்யூ' நம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே மதிக்காது. 'தமிழ்' என்று கொடுத்துப் பாருங்கள்: 'தம', 'ழ' என்று இரண்டு துண்டுகள் கிடைக்கும். எர்ரர் எதுவும் வராது, அதுதான் ஆபத்து. தனியாக நிறுவிக்கொள்ளும் 'ரீஜெக்ஸ்' மாட்யூலில் இந்தச் சிக்கல் இல்லை.

இடைவெளிக்கு ரீஜெக்ஸ் வேண்டவே வேண்டாம். ஸ்ட்ரிங் மெத்தடுகளே போதும்: ஸ்ப்ளிட்டால் உரையைச் சொற்களாகப் பிரித்து, ஒற்றை இடைவெளி வைத்து ஜாய்னால் சேர்த்துவிடலாம். என்பிஎஸ்பி எனப்படும் உடையாத இடைவெளியும் சேர்ந்து சரியாகிவிடும். இதே வேலைக்கு, பக்கத்தின் பகுதிகளைத் தேடி எடுக்கும் மொழியான எக்ஸ்பாத்தின் 'நார்மலைஸ் ஸ்பேஸை' நம்புகிறவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள், அது என்பிஎஸ்பியைத் தொடாது. அகலமே இல்லாத ஸீரோ விட்த் ஸ்பேஸை இரண்டுமே விட்டுவிடும். அதற்கு ஒரு ரீப்ளேஸ் தனியாக வேண்டும்.

அப்புறம், 'கொ' என்பதில் உள்ள குறி சில தளங்களில் ஒரே குறியீடாகவும், சிலவற்றில் ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் வரும். கண்ணுக்கு ஒன்றுதான், ஒப்பிட்டால் வேறு. வேறெதற்கும் முன்னால், இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் என்எஃப்சி நார்மலைசேஷன் செய்துவிடுங்கள்.

என் ஓட்டு, டேக், கிளாஸ் பெயர்களை வைத்துப் பக்கத்தின் பகுதிகளைத் தேர்ந்தெடுக்கும் செலக்டருக்குத்தான். ஹெச்டிஎம்எல்லைப் படிக்கும் பைத்தான் லைப்ரரியான பியூட்டிஃபுல் சூப்பில் விளம்பரம், ஸ்கிரிப்ட், மெனு ஆகியவற்றை 'டீகம்போஸ்' செய்து, அதாவது அடியோடு நீக்கிவிட்டு உரையை எடுத்தால், பின்னால் சலிக்க அதிகம் மிஞ்சாது. தளத்தின் வடிவமைப்பு மாறினால் உடையும், சரி. ஆனால் எது உடைந்தது என்று சீக்கிரம் தெரியும்.

மிஞ்சுவதைச் சின்னச் சின்ன ஃபங்ஷன்களாகப் பிரித்து வரிசையாக ஓட்டலாம். ஸ்க்ரேப்பி என்ற பைத்தான் ஸ்க்ரேப்பிங் கருவியில் 'மேப்கம்போஸ்' இதற்கென்றே இருக்கிறது. ஒரு மதிப்பைத் தூக்கி எறிய ஃபங்ஷனிலிருந்து, 'மதிப்பு எதுவும் இல்லை' என்பதற்குப் பைத்தான் வைத்திருக்கும் 'நன்' (None) திருப்பினால் போதும். காலி ஸ்ட்ரிங்கைத் திருப்பினால் மட்டும் அது கழியாமல் அப்படியே உள்ளே போகும்.