மூன்றாவது குளிர்காலத்தில்தான் எங்கள் ஹீட் பம்ப் ஒழுங்காக ஓடுகிறது

மானியம் கிடைக்கிறதே, ஹீட் பம்ப் (வெளியே இருக்கும் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்து வீட்டைச் சூடாக்கும் மெஷின்) போடலாமா என்று நண்பர் கேட்டார். போன வாரம்தான் எங்கள் வீட்டுக்கு ரிப்பேர் பார்க்க ஆள் வந்தார். அந்தக் கோபம் ஆறும் முன் எழுதுகிறேன்.

வீட்டைச் சூடாக்கிய எரிவாயு பாய்லரைக் கழற்றிவிட்டுப் போட்ட ஹீட் பம்ப் அது. வந்தவரை அழைத்தது ஃபேன் சத்தத்துக்கு. செட்டிங்கைத் திறந்தவர், "ரேடியேட்டருக்கு 55 டிகிரியில தண்ணி போகுதே, யார் வெச்சது?" என்றார். பொருத்தியவர்கள்தான். 42க்கு இறக்கி, வெளியே குளிர் கூடினால் மட்டும் தானாக ஏறும்படி வைத்தார். பத்து நிமிட வேலை.

தண்ணீரை அவ்வளவு சூடாக்கியதால் அதுவரை 1 யூனிட் மின்சாரத்துக்கு 2.5 யூனிட் வெப்பம்தான் வந்தது. இப்போது 3.5ஐத் தொடுகிறது. எரிவாயுவைவிட மின்சாரம் மூன்று மடங்கு விலை என்றால், 90 சதவீதத் திறனுள்ள பாய்லருக்கு ஈடுகொடுக்கவே 2.7 வேண்டும். இரண்டு குளிர்காலம் அதற்குக் கீழேயே ஓட்டியிருக்கிறோம்.

மானியத்துக்கு வீட்டு அளவு, பழைய பாய்லரின் படம், பொருத்தியவரின் சான்றிதழ் எல்லாம் கேட்டார்கள். பணம் போனதும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு வெப்பம் என்ற கணக்கு மெஷினுக்குள்ளேயே பதிவாகிறது. மானியத்தில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, முதல் குளிர்காலக் கணக்கைப் பார்த்தபின் பொருத்தியவருக்குக் கொடுத்திருந்தால் அவரே திரும்பி வந்து சரிசெய்திருப்பார்.

பிரிட்டனில் 2014இல் வீடுகளுக்குத் தொடங்கிய மானியத் திட்டம் 7 ஆண்டுகள் தவணையாகப் பணம் தந்தது. அதுவும் பெரும்பாலும் மதிப்பீட்டை வைத்துத்தான், அளந்து பார்த்து அல்ல. கையில் காசில்லாதவர்களால் அதில் சேரவும் முடியவில்லை. 2022இல் மொத்தத் தொகையாக மாற்றியது சரி. அந்த மொத்தத் தொகையோடு அளந்து பார்ப்பதும் சேர வேண்டும். மின்கட்டணத்தில் ஏற்றிவைத்திருக்கும் வரிகளையும் இறக்க வேண்டும்.

மெஷின்மேல் எனக்குக் குறையில்லை. முன்பெல்லாம் அம்மா விடிந்ததும் ரேடியேட்டரை ஒட்டிப் போய் நிற்பார். இப்போது எந்த மூலையில் உட்கார்ந்தாலும் ஒரே கதகதப்பு. இரவில் கொதித்து விடியலில் ஆறிப்போவது இல்லை. திரும்ப பாய்லருக்குப் போகமாட்டேன்.

ஆனாலும் நண்பரிடம் இந்த வருடம் வேண்டாம் என்றே சொன்னேன். போட்டே ஆகவேண்டும் என்றால், கையெழுத்துப் போடும் முன் தண்ணீர் எத்தனை டிகிரியில் போகும் என்று எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.