நீர் ஊற்றும் பற்றரியா, ஏஜிஎம்மா, லிதியமா? கெம்பர் வானில் மின்சாரம் நிற்காதபோது எதை மாற்றுவது

கொழும்பில் டொயோட்டாவின் கேடிஎச் வான்களையும் பழைய டொல்பின் வான்களையும், உள்ளேயே தங்கிப் பயணிக்கும் கெம்பர் வானாக மாற்றிப் படுக்கை, மின்விசிறி, சிறு குளிர்ப்பெட்டி என்று பொருத்திக்கொண்டவர்களிடமிருந்து பெரும்பாலும் ஒரே முறைப்பாடுதான் வருகிறது. பகல் முழுவதும் ஓடிவந்த வானில், நள்ளிரவுக்கு முன்பே குளிர்ப்பெட்டி நின்றுவிடுகிறது. உடனே வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய், இயந்திரத்தை ஸ்டார்ட் செய்யும் பற்றரிக்கு வேறாக இந்தச் சாதனங்களுக்கென்று வைத்த பற்றரிக்குப் பதில் புதியது வாங்கிப் பூட்டுகிறார்கள். பழையதைக் கெடுத்த காரணம் வானுக்குள் அப்படியே இருப்பதால் புதியதும் சில மாதங்களில் அதே நிலைக்கு வருகிறது. ஆகவே இந்த ஒப்பீட்டில், எந்தப் பற்றரி எவ்வளவு சேமிக்கும் என்பதைவிட, எது எப்படிப் பழுதடைகிறது, அந்தப் பழுதை நமக்கு எப்படிக் காட்டுகிறது என்பதையே முதன்மையாகக் கொள்கிறேன்.

நீர் ஊற்றும் ஈய அமிலப் பற்றரி மூன்றிலும் மலிவானது. நோயை மறைக்காததும் அதுவே. மின்னேற்றிச் சில மணி நேரம் எதையும் இயக்காமல் விட்டபின் மல்ரிமீற்றரில் 12.7 வோல்ற் காட்டினால் அது நிறைந்திருக்கிறது; 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி, 11.9 என்றால் வெறுமை நெருங்கிவிட்டது. சந்தேகம் தீராவிட்டால், அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீற்றரைக் கொண்டு ஆறு அறைகளையும் தனித்தனியே பார்க்கலாம். ஐந்து ஒன்றுபோலிருக்க ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த அறை போய்விட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்குவதும், இறங்கிய நிலையில் நாட்கணக்கில் விட்டுவைப்பதும் இதன் தகடுகளில் ஈயச் சல்பேற்றைக் கடினப் படிவாக்கிவிடும். அதன்பின் எவ்வளவு மின்னேற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. மின்னேற்றும்போது ஐதரசன் வாயு வெளிவருவதால், படுத்துறங்கும் இடத்தின் அடியில் காற்றோட்டமின்றி இதை வைப்பதை நான் எக்காரணம் கொண்டும் ஏற்கமாட்டேன்.

ஏஜிஎம் பற்றரியில் அமிலம் கண்ணாடி இழைப் பாய்க்குள் உறிஞ்சப்பட்டிருப்பதால் சிந்தாது, நீரும் ஊற்ற வேண்டியதில்லை. ஆனால் நீரை இழந்தால் திரும்ப ஊற்றவும் வழியில்லை என்பதே கொழும்பின் வெக்கையில் இதன் பெருங்குறை. 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈயப் பற்றரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிறது என்பது துறையினர் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. கேடிஎச் வானில் இயந்திரம் முன்னிருக்கைகளுக்கு அடியிலேயே இருப்பதால் அதன் அருகே பற்றரியை வைப்பது அதைச் சூட்டில் வாட்டுவதாகும். போதாததற்கு, சூடு கூடும்போது மின்னேற்ற வோல்ற்றளவையும் குறைக்க வேண்டும்: 12 வோல்ற் பற்றரிக்குப் பாகை ஒன்றுக்கு ஏறக்குறைய 0.024 வோல்ற் என்று கொண்டால், 25 பாகையில் 14.4 வோல்ற் கேட்கும் பற்றரிக்கு 40 பாகையில் 14.05 அளவே போதும். வெப்ப உணரி இல்லாத சார்ஜர் இதை அறியாமல், நாள்தோறும் சிறிது சிறிதாகப் பற்றரியைக் காயவைக்கிறது. நீர் ஊற்றும் பற்றரிக்கும் ஏஜிஎம்முக்கும் இடையில், காற்றோட்டமுள்ள பெட்டி செய்ய முடிந்தவருக்கு முன்னதே மேல் என்பது என் எண்ணம்.

இவ்விரண்டும் உண்மையில் கெட்டுவிட்டனவா என்று அறிய விலை கூடிய கருவி தேவையில்லை. முகப்பு விளக்கின் 55 வாற் பல்பு ஒன்று ஏறக்குறைய 4.5 அம்பியர் இழுக்கும். நிறைய மின்னேற்றிய 100 அம்பியர்-மணிப் பற்றரியில் அதைத் தொடுத்து, கண் முன்னே வைத்து, மணிக்கொரு தடவை வோல்ற்றளவைக் குறித்துக்கொண்டு வாருங்கள். பல்பு எரியும்போதே பத்து மணி நேரத்துக்குப் பின்னும் 12 வோல்ற்றுக்குச் சற்று மேலே நின்றால் பற்றரியில் குறையில்லை. மூன்று நான்கு மணி நேரத்தில் 11.5க்கு விழுந்தால் மாற்றத்தான் வேண்டும்.

லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரியில் இந்த வோல்ற் கணக்கு பயன்படாது. முக்கால்வாசி நிறைந்திருக்கும்போதும் கால்வாசி மட்டும் இருக்கும்போதும் அது 13 வோல்ற்றை ஒட்டியே நிற்பதால், உள்ளே போன அம்பியரையும் வெளியே வந்த அம்பியரையும் எண்ணும் ஷன்ட் மீற்றர் இல்லாமல் அதன் நிலையை அறிய முடியாது. பழுதின் அடையாளமும் வேறு: சற்று முன்வரை நன்றாக இயங்கிய எல்லாமும் ஒரே கணத்தில் அணைந்து, முனைகளில் மீற்றர் வைத்தால் ஏறக்குறையப் பூச்சியம் காட்டும். அதைக் கண்டு பற்றரி செத்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. உள்ளிருக்கும் பிஎம்எஸ் என்ற காப்புச் சுற்று பற்றரியின் கலங்களைக் காப்பதற்காகத் தொடர்பை அறுத்திருக்கிறது, தகுந்த சார்ஜரைக் கொடுத்தால் பெரும்பாலும் மீண்டும் திறக்கும். இதில் எண்பது, தொண்ணூறு வீதம் வரை தயங்காமல் பயன்படுத்தலாம். எடையும் அதே அளவு ஈயப் பற்றரியின் பாதிக்கும் குறைவு. பூச்சியம் பாகைக்குக் கீழே மின்னேற்றக்கூடாது என்ற எச்சரிக்கை இலங்கையில் நுவரெலியாவின் தை மாத உறைபனி விடியலைத் தவிர வேறெங்கும் பொருட்டல்ல.

ஆனால் என் அனுபவத்தில் குற்றவாளி பெரும்பாலும் பற்றரியன்று, இயந்திரத்தோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேற்றரிலிருந்து அதற்கு வரும் பாதைதான். சூட்டுக்கு அஞ்சிப் பற்றரியைப் பின்னால் வைத்தால் வயர் நீள்கிறது. 6 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் போக 5 மீற்றரும் வர 5 மீற்றரும் என்றால், 30 அம்பியர் ஓடும்போது 0.86 வோல்ற் வழியிலேயே தொலைகிறது, முன்னால் 14.2 இருந்தாலும் பின்னால் 13.3 மட்டுமே வந்து சேரும். மின்னோட்டம் குறையக் குறைய இந்த இழப்பும் குறையும் என்றாலும், பற்றரி நிறைவதற்கு வேண்டிய நேரம் மணிக்கணக்கில் நீள்வதால், கொழும்பிலிருந்து காலிக்கு ஓடி முடிக்கும் பயணத்தில் அது ஒருபோதும் நிறைவதில்லை. அதே தூரத்துக்கு 16 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு 0.32 வோல்ற்றாகச் சுருங்கும். வெள்ளவத்தை, தெஹிவளைக் கரையோரம் நிறுத்தப்படும் வான்களில் இன்னொன்றும் உண்டு: ஏர்த் வயரைப் பூட்டிய போல்ற்றைக் கழற்றினால் லக்கின், அதாவது வயர் நுனியில் உள்ள உலோக வளையத்தின், அடியில் பச்சைப் பூஞ்சணம் போலச் செப்பு உப்பு படிந்திருக்கும், பெயின்ற்றைச் சுரண்டாமலே பூட்டியிருப்பதும் தெரியும். இயந்திரம் ஓடும்போது பற்றரியின் எதிர் (−) முனைக்கும் வானின் உடலுக்கும் இடையே மீற்றரை வையுங்கள்; 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் புதிய பற்றரி வாங்கும் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் அந்த இணைப்பைச் சுத்தம் செய்யுங்கள்.

இந்தப் பாதைக்கு, இயந்திரம் ஓடும்போது இரு பற்றரிகளையும் நேரே இணைத்துவிடும் சாதாரண ரிலேயா, வோல்ற்றளவைப் பற்றரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிசி-டிசி சார்ஜரா என்பதில் எனக்குத் தயக்கமில்லை. 14 வோல்ற்றை நிலையாகத் தரும் பழைய டீசல் வானில், ஈயப் பற்றரியும் தடித்த வயரும் இருந்தால் ரிலே போதும். எரிபொருளைச் சேமிப்பதற்காக ஆல்டர்னேற்றர் தன் வோல்ற்றளவைத் தானே தாழ்த்திக்கொள்ளும் புதிய வாகனங்களுக்கும், லிதியத்துக்கும் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம். ரிலே வழியாக லிதியத்தைத் தொடுத்தால் அது கிடைக்கும் மின்னோட்டம் முழுவதையும் இழுக்கும். காலி வீதி நெரிசலில் இயந்திரம் மெதுவாகச் சுழல, ஆல்டர்னேற்றரின் விசிறியும் மெதுவாகச் சுழல, அது எரியும்வரை சூடேறலாம். எந்தச் சாதனமானாலும் வயரின் இரு பற்றரி முனைகளிலும் பியூஸ் இருக்க வேண்டும்.

சோலார் பனல் நல்ல துணை. வெயில் காலத்தில் 100 வாற் பனல் ஒன்று நாளுக்கு ஏறக்குறைய 30 அம்பியர்-மணி தரும். குளிர்ப்பெட்டி மட்டுமே இங்குள்ள வெப்பத்தில் அதற்கு மேலும் கேட்கும், தென்மேற்குப் பருவ மழையிலோ பனலின் வரவும் விழுந்துவிடும்.

வானை நிறுத்திவைத்திருக்கும் நாட்களில் பற்றரி இறங்கினால் கசிவைத் தேட வேண்டும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அம்பியர் பாருங்கள்: 0.5 அம்பியர் கசிந்தாலும் நாளுக்கு 12 அம்பியர்-மணி, நான்கே நாட்களில் 100 அம்பியர்-மணிப் பற்றரி பாதியாகிவிடும். பெரும்பாலும் பற்றரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும், அணைக்காமல் விட்ட இன்வேர்ட்டர்தான் காரணமாக இருக்கும். பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால் வேறெதுவானாலும் அகப்படும்.

வார இறுதியில் ஓரிரவு தங்கிவரும் குடும்பத்துக்கு ஆழமாக இறங்கி ஏறுவதற்கென்று செய்த, நீர் ஊற்றும் டீப் சைக்கிள் பற்றரியும் தடித்த வயரும் நிறைவாகப் போதும். குளிர்ப்பெட்டியோடு அறுகம்குடாவில் பல இரவுகள் நிற்பவர் லிதியத்துக்குப் போவதே சரி, ஆனால் டிசி-டிசி சார்ஜருக்கும் ஷன்ட்டுக்குமான பணத்தை அதே வரவுசெலவில் ஒதுக்கிவிட்டு. அந்தப் பணம் இப்போது இல்லையென்றால், சார்ஜரையும் வயரையும் முதலில் பொருத்தி, இருக்கும் ஈயப் பற்றரியோடு சிறிது காலம் ஓடுங்கள். பற்றரி வகையை மாற்றிக் குறிக்கும் வசதியுள்ள சார்ஜராகப் பார்த்து வாங்கினால், பின்னர் லிதியம் வரும்போது அதையே தொடர்ந்து பயன்படுத்தலாம்.