நீர் வற்றிய ஆற்றில் ட்ரவுட்: சென்டர்பின் சுருளும் மெல்லிய தங்கூசியும்

ஒன்ராறியோ ஏரியில் வளர்ந்து, முட்டையிட ஆறுகளில் ஏறும் வானவில் ட்ரவுட்டை இங்கே ஸ்டீல்ஹெட் என்பார்கள். ரொறன்ரோவுக்குக் கிழக்கே, போட் ஹோப் நகரில் ஏரியோடு கலக்கும் கனராஸ்கா ஆற்றில் இந்த மீனுக்காகப் பல பருவங்களாக ஒரே கருவியைத்தான் பயன்படுத்துகிறேன்: 13 அடித் தடி, சென்டர்பின் சுருள், தக்கை. மழைக்குப் பிறகு ஆறு லேசாகக் கலங்கி ஓடும்போது எந்தத் தூண்டிலும் வேலை செய்யும். கருவியின் தரம் தெரிவதெல்லாம் நீர் வற்றி, அடியில் கிடக்கும் கல் ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம் போல ஆறு தெளிந்திருக்கும் நாட்களில்தான்.

சென்டர்பின், இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பக்கம் ட்ரென்ட் ஆற்றில் புழங்கிய பழைய மரச்சுருளின் வழி வந்தது. உள்ளே பல்சக்கரம் கிடையாது. ஓட்டம் தக்கையை இழுக்க, தக்கை தங்கூசியை, அதாவது தூண்டில் நூலை, இழுக்க, சுருள் தானாகச் சுழலும். பிரேக் நம் விரல் நுனிதான். சாதாரண ஸ்பின்னிங் சுருளில் தங்கூசி வளையம் வளையமாகக் கழன்று, தக்கை இடையிடையே வெட்டி நிற்கும். தெளிந்த நீரில் அந்த ஒரு வெட்டு போதும், மீன் ஒதுங்கிவிடும்.

இதன் பெரிய பயன் தூரம். ஒளி வளைவதால், நீருக்குள் இருக்கும் மீன் வெளியுலகத்தைத் தலைக்கு மேலே சுமார் 97 பாகைக் கூம்பு ஒன்றின் வழியாகவே பார்க்கிறது. தள்ளித் தாழ்வாக நிற்பவர் அந்தக் கூம்பின் விளிம்பில் நசுங்கித் தெரிவார். கரையோரம் நிமிர்ந்து நிற்பவர் முழுசாகத் தெரிவார். அதனால் மடுவுக்கு மேலே நன்றாகத் தள்ளிக் குனிந்து நின்று, தக்கையைக் கீழே மிதந்துபோக விடுகிறேன்.

ஆனாலும், அதிக மீன் தந்தது சுருள் என்று சொல்லமாட்டேன். முள்ளுக்கு மேலே கட்டும் கடைசி இரண்டடி ஃபுளோரோகார்பன் தங்கூசிதான் தந்தது. ஒளியை நீர் வளைக்கும் அளவுக்கு நெருக்கமாக வளைக்கும் தங்கூசி, நீருக்குள் குறைவாகவே தெரியும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃபுளோரோகார்பனுக்கு 1.42, நைலோனுக்கு 1.5ஐத் தாண்டும். நிறைந்த ஆற்றில் 8 இறாத்தல் இழுவை தாங்கும் தங்கூசி கட்டுவேன். வற்றினால் 5, சில நேரம் 4. முள்ளும் 14ஆம் எண்ணுக்குச் சிறுக்கும். இரையாக மாட்டும் மீன்சினைப் பொட்டலம் சுண்டுவிரல் நகத்தளவு இருந்தால் போதும். தக்கை 3 கிராம். ஈயத்துக்குப் பதிலாக வெள்ளீயக் குண்டுகள்: பெரியவை தக்கைக்கு அருகே, சிறியவை கீழே, இடைவெளி விட்டு.

மேல்நீர் வேகமாக ஓடும், அடிநீர் மெதுவாக ஓடும். தக்கையைச் சும்மா விட்டால் அது முந்திப்போய் இரையை இழுத்துச் செல்லும். விரலால் சற்றே பிடித்தால் இரை முன்னே, தக்கை பின்னே என்று வரும். முழங்காலளவு நீரில் இந்தப் பிடி இம்மியளவுதான் இருக்க வேண்டும். கூடினால் இரை மேலே தூக்கிக்கொள்ளும்.

மடுவில் வரிசையாகத் தெரியும் மீன்கள் ஆசை காட்டும். விடிந்ததிலிருந்து ஆட்களைப் பார்த்து மிரண்டுபோன மீன்கள் அவை. நான் அங்கே நேரம் செலவழிப்பதில்லை. மடுவின் தலைப்பில், நீர் கல்லில் மோதி நுரைக்கும் இடத்தில் உயிர்வளி கூடுதல், மேற்பரப்பு உடைந்திருப்பதால் மறைவும் உண்டு. கடிக்கிற மீன் அங்கேதான் நிற்கும்.

குறைகளும் இருக்கின்றன. 3 கிராம் தக்கையைச் சென்டர்பின்னில் வீசப் பழக ஒரு முழுப் பருவம் பிடிக்கும். எதிர்காற்றில் இன்னும் கடினம். மரக்கிளைகள் தாழ்ந்த கரையில் 13 அடித் தடி பெரும் தொந்தரவு. இருந்தும் நீளத்தைக் குறைக்கமாட்டேன். 10 இறாத்தல் மீனின் பாய்ச்சலை மெல்லிய தங்கூசி அறாமல் தாங்குவது அந்த நெடிய தடி வளைவதால்தான். சுருளின் தாங்கியில் மணல் புகுந்தால் சுழற்சி செத்துவிடும். அடிக்கடி கழுவி, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட வேண்டும். தடித்த எண்ணெய் உறைகுளிரில் இறுகிவிடும்.

மெல்லிய தங்கூசியில் போராட்டம் நீளும் என்பதால் வெப்பமானி எப்போதும் பையில் இருக்கும். கனராஸ்காவுக்கு ஓக் ரிட்ஜஸ் மொரெய்ன் மேட்டின் நிலத்தடி நீர் ஊறிவருவதால் ஆறு குளிர்ச்சியானதுதான். என்றாலும் நீர் 19 பாகை செல்சியஸைத் தொட்டால் தூண்டிலைச் சுருட்டிவிடுவேன். அந்தச் சூட்டில் களைத்த ட்ரவுட்டை விடுவித்தாலும் அது பிழைக்காமல் போகலாம். வற்றிய ஆற்றில் முட்டைப் படுக்கைகளும் நன்றாகத் தெரியும்: சுற்றியுள்ள பாசிக் கற்களுக்கு நடுவே வெளிறிச் சுத்தமாகக் கிடக்கும் கூழாங்கல் திட்டு. அதில் கால் வைக்காதீர்கள், அதன்மேல் நிற்கும் மீனுக்குத் தூண்டிலும் போடாதீர்கள்.