ராத்திரி மூன்று மணிக்கு யார் விழித்திருப்பார்? பணிப்பெண், இல்லம், சில நாள் தங்கல்

சிறப்புத் தேவைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் பகல் எப்படியோ ஓடிவிடும். காலையில் பள்ளிப் பேருந்து வரும், பள்ளி முடிந்தால் சிறப்பு மாணவர் பராமரிப்பு நிலையம் இருக்கிறது. சிங்கப்பூரில் இவை பகல்நேரப் பள்ளிகள். ராத்திரிக்கான ஏற்பாட்டை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

என் மகனுக்கு 13 வயது. ஆட்டிசம், அதோடு வலிப்பும் உண்டு. வலிப்பு பெரும்பாலும் தூக்கத்தில்தான் வரும். கட்டில் சுவரில் டொக் டொக்கென்று இடிக்கும்; அந்தச் சத்தத்துக்கே எனக்கு விழிப்பு வந்துவிடும். அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸுக்கு 995. போன வருடம் எனக்கு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். கணவருக்கோ இரவு ஷிப்ட். அப்போதுதான் மூன்று வழிகளையும் விசாரித்தோம்.

நம்மவர்கள் முதலில் சொல்வது பணிப்பெண்ணைத்தான். எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். பிள்ளை தன் கட்டிலிலேயே தூங்கலாம், சாப்பாடும் மாறாது. உடற்குறையுள்ளவர் வீட்டில் இருந்தால், பணிப்பெண்ணுக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வையை, தகுதி பார்த்து 300 வெள்ளியிலிருந்து 60 வெள்ளியாகக் குறைக்கிறார்கள். ஆனால் பகலெல்லாம் சமைத்துத் துவைத்தவரை ராத்திரியும் விழித்திரு என்று எப்படிச் சொல்வது? அவருக்கும் உடம்புதானே. வார ஓய்வு நாள்களில் மாதத்துக்கு ஒன்றையாவது ஓய்வாகவே கொடுக்க வேண்டும், அதைப் பணம் கொடுத்து ஈடுகட்டக் கூடாது என்று 2023 முதல் விதி இருக்கிறது. அது நியாயமானதுதான். இன்னொன்றும் இருக்கிறது. மீசை அரும்பும் பையனுக்கு நடுராத்திரியில் உடை மாற்றிவிடுவது ஓர் இளம்பெண்ணுக்கும் சங்கடம், அவனுக்கும் சங்கடம். இதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசத்தான் வேண்டும்.

நெடுங்காலம் தங்கும் இல்லங்களுக்கு, உடற்குறையுள்ளோருக்கான உதவிகளைக் கவனிக்கும் எஸ்ஜி எனேபல் அமைப்பின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டணத்துக்கான உதவித்தொகை குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. முறைவைத்து இரவுப் பணியாளர்கள் இருப்பது இதன் பெரிய பலம். பெற்றோருக்கு உடம்பு முடியாத வீட்டுக்கும், பிள்ளை தன்னையே அடித்துக் காயப்படுத்திக்கொள்ளும் வீட்டுக்கும் இதுதான் சரியான வழி. “கொண்டுபோய் விட்டுட்டாங்க” என்று பேசும் சொந்தக்காரர்கள் ஒரு ராத்திரி வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். எங்களுக்கு அந்த நிலை வரவில்லை, அதனால் விண்ணப்பிக்கவில்லை.

சில நாள் மட்டும் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தையே தேர்ந்தெடுத்தோம். முதல் முறை மூன்று ராத்திரி. நான் எழுதிக்கொடுத்த குறிப்பு பகல் பணியாளரோடு நின்றுவிட்டது, இரவுக்கு வந்தவர் கைக்குப் போகவில்லை. என் மகன் “மூச்சா, மூச்சா” என்று சொல்லியிருக்கிறான். அங்கே தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. விடியும்வரை ஈரத்திலேயே கிடந்திருக்கிறான். அதைக் கேட்டபோது தையல் வலியைவிட அதுதான் எனக்கு வலித்தது.

ஆனாலும் என் தேர்வு இதுதான், பணிப்பெண்ணையும் வைத்துக்கொண்டு. அவசரம் வந்த பிறகு போகாதீர்கள். எல்லாரும் நன்றாக இருக்கும்போதே ஒரு ராத்திரி விட்டுப் பழக்குங்கள். அறை எப்படி, தொலைக்காட்சி உண்டா என்பதெல்லாம் அப்புறம். விடிகாலை மூன்று மணிக்கு எத்தனை பேர் விழித்திருப்பார்கள், ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார் என்று முதலில் கேளுங்கள். வலிப்பு வந்தால் என்ன செய்வார்கள் என்று இரவு முறையில் இருப்பவரிடமே கேட்பது நல்லது. மறுநாள் பள்ளிப் பேருந்து அங்கே வந்து ஏற்றிக்கொள்ளுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் அதைக் கேட்கத் தவறியதால் பிள்ளைக்கு இரண்டு நாள் பள்ளி போயிற்று.

இரண்டாம் முறை ஒரே ஒரு தாள் எழுதி, அனுமதி வாங்கி, அவன் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். மூச்சா, தண்ணி, வலி, அம்மா என்று நான்கு சொற்கள். உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்திலேயே பொருளும் போட்டேன். மறுநாள் காலை அழைத்துவரப் போனபோது, இரவு முறை முடிந்து பையோடு கிளம்பிய பிலிப்பினோ அண்ணன் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்து, இரண்டு விரலைக் காட்டி, “மூச்சா, டூ டைம்ஸ்” என்றார். மகனின் கால்சட்டை காய்ந்திருந்தது.