ஃபார்ன் தீவுப் படகு: இறங்கிப் பார்த்தால்தான் உண்டு

ஞாயிறு விடிகாலையில் பறவை பார்க்கக் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் நிற்கிற நம் கூட்டத்தில் யாருக்காவது இங்கிலாந்து போகும் வாய்ப்பு வந்தால், லண்டனில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டு, வடகிழக்குக் கடற்கரையை ஒட்டி, கடற்பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டும் ஃபார்ன் தீவுகளுக்குப் போய் வாருங்கள். மகள் நியூகாசிலில் நர்ஸாக இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, ஜூன் மாதத்தில், நாங்கள் மூன்று பேரும் போனோம். சீஹவுசஸ் என்ற சின்னத் துறைமுகத்திலிருந்து படகு கிளம்புகிறது.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். காற்று அதிகம் என்று முதல் நாள் படகை ரத்து செய்துவிட்டார்கள். அது சரி, கடல் அப்படித்தான். ஆனால் அவ்வளவு தூரம் காரில் போய் டிக்கெட் ஜன்னலில் நின்ற பிறகுதான் சொன்னார்கள், காலையிலேயே ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கலாம். இன்னொன்று, படகுக் கட்டணம் தனி, தீவில் இறங்க, தீவைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கட்டுவது தனி. தீவைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும் படகும் உண்டு, விலை குறைவு என்று அதில் ஏறாதீர்கள்.

காவேரிப்பாக்கத்தில் குளிர்காலத்துக்கு வரும் மீசை ஆலாவை நாம் கரையில் நின்று பைனாகுலரில் துழாவித் துழாவிப் பார்ப்போம் இல்லையா, இன்னர் ஃபார்ன் தீவில் ஆர்க்டிக் ஆலா நடைபாதை ஓரத்திலேயே, வெறும் தரையில், முட்டை வைத்திருக்கிறது. கிட்டே போனால் கத்திக்கொண்டே இறங்கி நேராக உச்சந்தலையில் கொத்துகிறது. எனக்கு முன்னால் வெறுந்தலையோடு போனவருக்கு ரத்தமே வந்துவிட்டது. குளிருக்கென்று என் மனைவி வேலூரிலிருந்து எடுத்து வந்த மங்கி குல்லாதான் என்னைக் காப்பாற்றியது. இதே தீவுகளில், போகும் வழியைப் பதிவு செய்யும் சின்னக் கருவி கட்டி அனுப்பிய ஒரு ஆலா, அண்டார்டிகா பக்கம் போய் 2016 மே மாதம் திரும்பி வந்தபோது 96,000 கி.மீ. பறந்திருந்ததாம். எடை நூறு கிராம்தான். அவ்வளவு தூரம் போய்வந்து வைக்கிற முட்டை, கொத்தத்தானே செய்யும்!

அப்புறம் பஃபின், வண்ண அலகுள்ள குட்டையான கடற்பறவை. மண்ணில் வளை தோண்டிக் குஞ்சு வளர்க்கிறது. அலகு நிறைய வெள்ளிக் கம்பி மாதிரி சின்ன மீன்களைக் கவ்விக்கொண்டு வரும், வளைவாசலில் அதைப் பிடுங்கக் கடற்காகங்கள் காத்திருக்கும். இறங்கிய வேகத்தில் வளைக்குள் ஓடிவிட வேண்டும். பறவை என்றாலே “நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்கிற என் மனைவி, அங்கே “ஓடு, ஓடு” என்று கத்திக்கொண்டு நின்றாள். அவளைக் கிளப்புவதற்குள் படகுக்காரர் கூப்பிட்டுவிட்டார். ஒரு மணி நேரம் கொஞ்சமும் போதவில்லை.

2022-ல் பறவைக் காய்ச்சலால் இறங்குவதை நிறுத்தி, 2024-ல்தான் இந்தத் தீவை மறுபடி திறந்தார்கள். அதனால் அங்கிருக்கும் ரேஞ்சர்கள் சொல்வதைக் கேட்டு, பாதையை விட்டு இறங்காமல் நடங்கள். ஆலாக் குஞ்சுகள் பாதைக்கே வந்து உட்காரும், குனிந்து பார்த்துத்தான் அடி வைக்க வேண்டும். பாறை விளிம்பில் நெருக்கி நிற்கும் கில்லிமாட் என்ற கடற்பறவைக் கூட்டத்தைப் படகிலிருந்தே பார்க்கலாம், அதற்கு எட்டு மடங்கு பெரிதாக்கும் 8x42 பைனாகுலர் போதும், ஆடும் படகில் பத்து மடங்கு (10x) பைனாகுலரில் காட்சி நிலைக்காது. எச்ச நாற்றம் கடுமையாக இருக்கும், பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

மே கடைசியிலிருந்து ஜூலை முதல் வாரத்துக்குள் போய்விடுங்கள். ஜூலை முடிவதற்குள் பஃபின்கள் பெரும்பாலும் கடலுக்குப் போய்விடும்.