கேனுக்கு ஒரு குளோரின் மாத்திரை: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கிறது என்ற சந்தேகம் வந்தால் காய்ச்சுவதுதான் முதல் வழி. தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டால் போதும். ஊட்டி உயரத்தில் மூன்று நிமிடம். ஆனால் 20 லிட்டரைக் கொதிக்க வைக்க ஏறக்குறைய 200 கிராம் கேஸ் எரியும். குடிக்க, சமைக்க, பல் துலக்க, காய்கறி அலச என்று எல்லாவற்றுக்கும் அடுப்பையே நம்பினால் கட்டுப்படியாகாது. சென்னை போன்ற ஊரில் மழை வெள்ளத்தின்போது சிலிண்டர் வண்டியும் தெருவுக்குள் வராது. அந்த இடத்தில்தான் குளோரின் மாத்திரை கைகொடுக்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகத் தருவதுண்டு. மெடிக்கல் ஷாப்பிலும் ஆன்லைனிலும் வாங்கலாம்.

மாத்திரையின் அளவைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. 67 மில்லிகிராம் சோடியம் டைகுளோரோஐசோசயனுரேட் (தண்ணீரில் கரைந்து குளோரினை விடும் உப்பு) உள்ள மாத்திரை 20 லிட்டர் தெளிந்த தண்ணீருக்கு. பழைய வகை அரை கிராம் மாத்திரையும் அதே 20 லிட்டருக்குத்தான். ஒரு லிட்டருக்கான குட்டி மாத்திரையும் விற்கிறது. அட்டையில் எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. 20 லிட்டர் மாத்திரையை ஒரு லிட்டர் பாட்டிலில் போட்டுவிட்டால் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். உடைத்துப் பாதியைப் பத்திரப்படுத்துவதும் வீண்; ஈரக்காற்று பட்டால் வீரியம் போய்விடும். நம் வீடுகளில் இருக்கும் தண்ணீர் கேன் சரியாக 20 லிட்டர் என்பது ஒரு வசதி.

மாத்திரை வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் கலங்கல் தண்ணீரில் போட்டவர்கள். மண்ணும் அழுக்கும் குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. அதனால் முதலில் தண்ணீரைத் தெளிய விடுங்கள். படிகாரக் கட்டியைச் சில சுற்று சுற்றி எடுத்தால் கசடு சீக்கிரம் அடியில் இறங்கும். மேல்தண்ணீரை நாலாக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டிய பிறகு மாத்திரை. மூடி வைத்து 30 நிமிடம், வெயில் படாத இடத்தில். திறந்தால் லேசாகக் குளோரின் வாடை வர வேண்டும். வாடையே இல்லையென்றால் குளோரின் முழுக்கச் செலவாகிவிட்டது என்று பொருள். இன்னொரு மாத்திரை போட்டு மறுபடி அரை மணி நேரம். வாடை தூக்கலாக இருந்தால் காபி ஆற்றுவதுபோல் இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஊற்றினால் குறையும்.

குழாய் வைத்த டிரம் என்றால் மாத்திரை போட்ட தண்ணீரையே கொஞ்சம் அந்தக் குழாய் வழியாகத் திறந்து விடுங்கள், குழாயின் உட்புறமும் சுத்தமாகும். சொம்பை விட்டு மொண்டால் கையிலிருக்கும் கிருமி திரும்ப உள்ளே போகும்.

வரிசையை மாற்றுவது இன்னொரு தப்பு. மாத்திரை போட்ட தண்ணீரை ஆர்.ஓ. இயந்திரத்திலோ கார்பன் உள்ள ஃபில்டரிலோ ஊற்றுகிறார்கள். கார்பன் குளோரினை உறிஞ்சிவிடும். சேமிப்புத் தொட்டியில் நிற்கும் தண்ணீருக்குக் காவல் இல்லாமல் போகும். வடிகட்டல் முன்னால், குளோரின் பின்னால். மெழுகுவத்தி வடிவப் பீங்கான் வடிகட்டி வைத்த கேண்டில் ஃபில்டரை மட்டும் நம்பவும் கூடாது. மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் வைரஸ்கள் அதன் துளைகளைவிடச் சிறியவை.

மாத்திரைக்கும் எல்லை உண்டு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியை இந்த அளவு குளோரின் கொல்லாது. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் சுமார் நான்கு லட்சம் பேரை வயிற்றுப்போக்கில் தள்ளியது அதுதான். அதனால் கைக்குழந்தையின் பால் பவுடருக்கும், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் குடிக்கவும் காய்ச்சிய தண்ணீரே. ரசாயனம் கலந்திருந்தால் காய்ச்சினாலும் பயனில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் பரவியதே, அப்படிப்பட்ட இடத்தில் வெளியிலிருந்து வரும் நல்ல தண்ணீர் ஒன்றே வழி.

சம்ப்புக்கு (தரையடித் தண்ணீர்த் தொட்டி) மாத்திரை கட்டாது, பிளீச்சிங் பவுடர்தான். வெள்ளம் புகுந்திருந்தால் இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பிய பிறகு 1000 லிட்டருக்கு 2.5 கிராம். பவுடரை அப்படியே கொட்டாதீர்கள். வாளியில் குழப்பி, சுண்ணாம்பு படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். திறந்து வைத்த பழைய பாக்கெட்டில் குளோரின் பாதிகூட இருக்காது. இத்தனையும் செய்துவிட்டு மெட்ரோ வாட்டர் லைனில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால் பலனில்லை: குழாயில் விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடையையும் சேர்த்து இழுத்து வரும்.

எங்கள் மதிப்பீடு: சமையல், பல் துலக்கல், பாத்திரம், காய்கறிக்கு மாத்திரை, குடிக்க முடிந்தவரை காய்ச்சிய தண்ணீர், கேஸ் தீர்ந்தால் மாத்திரை. வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். அட்டைக்குள்ளேயே பொடியாக உதிர்ந்திருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.